முதல் பாகத்தில் இல்லாதது

இரண்டாம் பாகம் வெளியான பத்தாவது நாள் எங்கள் குழு இரண்டாக உடைந்தது. அலைபேசியில் இருக்கும் குழுதான். நூற்றுச் சொச்சம் பேர், பெரும்பாலும் விழுப்புரம், திண்டிவனம், பாண்டிச்சேரிப் பக்கத்து ஆட்கள். கணினியில் கதை விளையாட்டு ஆடுகிறவர்கள். அந்த வகை விளையாட்டில் நாம் ஒரு ஆளாக மாறி ஊர் ஊராகப் போவோம். எதிர்ப்படுகிறவர்களோடு பேசுவோம், சண்டை போடுவோம், யாரைக் காப்பாற்றுவது, யாரைக் கைவிடுவது என்று நாமே முடிவு செய்வோம். அதற்குத் தகுந்தபடி கதை மாறும். முதல் பாகத்தை நாங்கள் எல்லோருமே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தோம். அதனால்தான் இரண்டாம் பாகத்துக்கு அவ்வளவு அடிதடி.

முதல் பாகத்தில் சண்டை என்றால் நாம் ஒரு அடி, எதிரி ஒரு அடி. நாம் யோசித்து முடிக்கும் வரை அவன் கத்தியை ஓங்கியபடி மரியாதையாக நிற்பான். இரண்டாம் பாகத்தில் யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. முதல் பாகத்தில் மனிதர்கள் எல்லாம் உயரத்திலிருந்து பார்க்கிற மாதிரி எறும்பு அளவுப் பொம்மைகள், பேச்சு முழுவதும் கீழே எழுத்தில் வரும். இரண்டாம் பாகத்தில் எல்லோருக்கும் முகம் வந்துவிட்டது, குரல் வந்துவிட்டது. இதுதான் ஆட்டம் என்று ஒரு கூட்டம். குடி கெட்டது என்று இன்னொரு கூட்டம். ஒருவர் குழுவில் தெரியும் தன் புகைப்படத்தை நீக்கிவிட்டுத் துக்கம் என்று கறுப்புக் கட்டம் வைத்தார். இன்னொருவர் குழுவை விட்டு வெளியேறுவதாக மூன்று முறை அறிவித்தார், மூன்று முறையும் யாராவது தடுப்பார்கள் என்று காத்திருந்துவிட்டு உள்ளேயே இருந்தார். நான் எந்தப் பக்கமும் சேரவில்லை. நடுநிலை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். உண்மையில் எனக்குப் பயம்.

பயத்துக்குக் காரணம் அந்தக் குழுவில் இருந்த ஒரு தம்பி. அவனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் அடிக்கிறேன். டாக்டர் படத்தைப் பார்த்துப் பேசிப் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக் கேட்டு ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை, இனி ஆகிற மாதிரியும் இல்லை. அம்மா போன பிறகு ஒரு மாடி அறையில் இருக்கிறேன். வார நாட்கள் எப்படியோ ஓடிவிடும், ஞாயிறுதான் என் எதிரி. வழக்கமாகச் சாப்பிடும் மெஸ்கூட அன்றைக்குப் பூட்டியிருக்கும். சனிக்கிழமை மாலை சென்டரில் "வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் திங்கள் காலை வரை ஒரு சொல் பேசாமல் கழிந்த வாரங்கள் நிறைய. ஒரு திங்கட்கிழமை வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. சளி பிடித்திருக்கிறது என்று சமாளித்தேன். சளியெல்லாம் ஒன்றும் இல்லை.

அந்தத் தம்பி கிளியனூர்ப் பக்கம். பொக்லைன் ஓட்டுகிறான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவன். மூடிய ஒரு நெட் சென்டரிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைத்து முதல் பாகத்தை ஆடிக்கொண்டிருந்தான். எங்கே எவ்வளவு தோண்டுவது என்று பொக்லைனில் கணக்குப் பார்த்துப் பழகியவன் என்பதால் சண்டையில் அவனை அடிக்க ஆளில்லை. ஆனால் ஒரு நாள் குழுவில் இப்படிக் கேட்டான்: "ஆட்றது ஆட்றேன், அவங்க இன்னா பேசறாங்கனே பிரியல. யாராச்சும் சொல்லுங்கணா." நான் பதில் போட்டேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

ஞாயிறு காலை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் பத்தரை மணிக்குக் கூப்பிடுவான். அவனுடைய திரை என் மடிக்கணினியில் தெரியும். அவன் ஆடுவான். எழுத்து வந்ததும் நிறுத்துவான். நான் படித்துத் தமிழில் சொல்வேன். சும்மா சொன்னால் போதாது என்று எனக்கே தோன்றி ராஜாவுக்கு ஒரு குரல், திருடனுக்கு ஒரு குரல், பூசாரிக்கு மூக்கால் ஒரு குரல் என்று ஏற்ற இறக்கத்தோடு சொல்ல ஆரம்பித்தேன். "அண்ணா, அந்தக் கெழவி கொரலு சூப்பர்ணா, இன்னொரு வாட்டி" என்பான். அவன் கை, என் வாய். இரண்டும் சேர்ந்து ஒரு ஆளாக அந்த நாட்டில் திரிந்தோம். ஒன்றரை மணிக்கு அவன் அம்மா சாப்பிடக் கூப்பிடும் குரல் கேட்கும் வரை ஆட்டம். அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாட்களையும் தள்ளினேன். இதில் மிகை எதுவும் இல்லை.

விளையாட்டில் எங்களோடு மூலிகை தெரிந்த ஒரு பெண் வருவாள். அவன் அவளைத் தங்கச்சி என்றுதான் சொல்வான். அவளுடைய அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவள் குடிசைக்குத் திரும்பிவிட்டாள். மலையிலிருந்து ஒரு வேரைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். தம்பி வேரைப் பிடுங்கிவிட்டான். வருகிற வழியில் ஒரு ஆறு, அதில் மீன் பிடிக்கலாம். அவனுக்கு அந்த மீன் பைத்தியம் பிடித்துக்கொண்டது. விளையாட்டுக்குள் நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. "டேய், நாள் ஓடுது" என்று சொன்னேன். "இருக்கட்டும்ணா, இன்னும் ஒரே ஒரு பெரிய மீனு" என்றான்.

அந்தச் சமயத்தில்தான் அவனுடைய சொந்த அப்பாவுக்கு அது நடந்தது. காலையில் தலைவலி என்று ஃபோனில் சொல்லியிருக்கிறார். இவன் பெருமுக்கல் பக்கம் வேலையில் இருந்தான். மாத்திரை போட்டுப் படுக்கச் சொல்லிவிட்டு மாலைதான் வீட்டுக்குப் போயிருக்கிறான். அதற்குள் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. விழுப்புரத்தை ஒட்டிய முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்குக் கூப்பிட்டான், விழுப்புரத்தில் அவனுக்கு வேறு யாரையும் தெரியாது. நாங்கள் முதல்முறை நேரில் பார்த்துக்கொண்டது வார்டு வாசலில். ஸ்கேன் ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்து, "இன்னா போட்டுக்கிதுணா?" என்றான். மூளையின் அடிப்பகுதியில் பெரிய ரத்தக் கசிவு. அவன் டீ வாங்கப் போயிருந்தபோது அங்கே இருந்த டாக்டரிடம் கேட்டேன். இந்த இடத்தில் கசிந்தால் காலையிலேயே கூட்டி வந்திருந்தாலும் எதுவும் செய்திருக்க முடியாது என்றார் அவர். அதை அப்படியே அவனிடம் சொன்னேன். மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார். "நான் லேட் பண்ணிட்டனாணா, லேட் பண்ணிட்டனா" என்று அடக்கம் முடியும் வரை கேட்டுக்கொண்டே இருந்தான். நான் டாக்டர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த ஞாயிறு, பத்தரை மணிக்கு ஃபோன் அடித்தது. எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, ஒரு துக்க வீட்டுக்காரன் கூப்பிடும்போது வரக்கூடாத சந்தோஷம். "ஆட்லாமாணா? வூட்ல உக்கார முடியலணா, பேஜாரா கீது" என்றான். பழைய இடத்திலிருந்து தொடங்கினான். இந்தமுறை மீன் பக்கம் திரும்பவே இல்லை. வேரை எடுத்துக்கொண்டு நேராக அந்தப் பெண்ணின் குடிசைக்குப் போனான். கதவு சாத்தியிருந்தது. அவள் முற்றத்தில் கையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். கீழே எழுத்து வந்தது.

நீ தாமதமாக வந்தாய் என்று இருந்தது. அப்பா நேற்றுப் போய்விட்டார், கடைசி வரை வழியையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று இருந்தது.

"இன்னாணா சொல்லுது?" என்றான்.

சென்டரில் ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் கவுண்டரிலேயே அதைப் பிரித்து என் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். நான் எதுவும் சொல்லக்கூடாது, அது விதி. ஆனாலும் "பயப்பட ஒண்ணும் இல்லீங்க, டாக்டராண்ட காட்டுங்க" என்று சொல்லிவிடுவேன். பயப்பட என்னென்ன இருக்கிறது என்று அடித்தவன் நான்தான். வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அது வாயில் ஊறிவிட்டது. அன்றைக்கும் வாய் முந்திக்கொண்டது.

"அப்பா பொழச்சிக்கினாராம். உள்ள தூங்கறாராம்."

"அப்பறம் ஏன் அழுவுது?"

"சந்தோஷத்துல."

அந்தப் பக்கம் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. அந்த இடத்தில் நாம் சொல்வதற்கு மூன்று பதில்கள் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றையும் நானே இட்டுக்கட்டிப் படித்தேன். அவன் மூன்றாவதைத் தொட்டான், "அப்பாவ நல்லா பாத்துக்கோ தங்கச்சி" என்று நான் படித்திருந்ததை. அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். அதற்குப் பிறகு எங்களோடு வரவில்லை. அப்பாவைக் கவனிக்க வீட்டில் இருந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு பொய்யோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வழியில் யாராவது ஒரு வியாபாரி எதையாவது பேசினால், அந்தப் பெண்ணின் அப்பா உங்களை விசாரித்தார் என்று அதில் சேர்ப்பேன். ஒரு தடவை அவர் மல்லாட்டை, அதாவது எங்கள் ஊர் வேர்க்கடலை, வறுத்துக் கொடுத்தனுப்பினார் என்றுகூடச் சொன்னேன். வெள்ளைக்காரன் செய்த விளையாட்டில் மல்லாட்டை ஏது என்று அவன் கேட்கவில்லை. நான் சொல்ல ஒருவன் மூச்சைப் பிடித்துக் கேட்கிறான் என்பது எனக்கு அதுவரை நடக்காத ஒன்று. அந்த ருசியை விட மனம் வரவில்லை. ஆட்டம் முடிகிற காட்சியில் கப்பல் புறப்படும்போது படகுத்துறையில் ஒரு கிழவர் கை அசைப்பார். பெயர் இல்லாத படகுக்காரர். "அது யாருணா?" என்றான். "அவங்க அப்பாதான். வழியனுப்ப வந்துகிறாரு." தம்பி ரொம்ப நேரம் அந்தக் காட்சியை நகர்த்தாமல் வைத்திருந்தான். "கேம்லயாவது ஒருத்தரு பொழச்சாரேணா" என்றான்.

மூன்று வருடம் கழித்து இரண்டாம் பாகம் வந்தது. அப்பா செத்த முடிவிலிருந்து தொடர்ந்த அந்தக் கதையில் முக்கிய எதிரியே அந்தப் பெண்தான். முகத்தில் வெட்டுக்காயம், கையில் வாள். முன்னோட்டத்தில் அவளைப் பார்த்ததும் அதைப் பாதியிலேயே மூடினேன். குழுவில் மற்ற சண்டையெல்லாம் அடங்கி இந்த ஒரு சண்டை பெரிதானது. மருந்து கொடுத்த கை எப்படி வாள் எடுக்கும், கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்றது ஒரு பக்கம். தாமதமாக வந்து அப்பனைச் சாகவிட்டவனைக் கொஞ்சுவாளா என்றது மறு பக்கம். தம்பி ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். காய்ச்சல் என்றேன். அடுத்த ஞாயிறும் கூப்பிட்டான். சென்டரில் வேலை என்றேன். யோசித்துப் பார்த்தால், இரண்டாம் பாகத்தில் எல்லோருக்கும் வாய் வந்துவிட்ட பிறகு அவனுக்கு நான் போடும் குரல்கள் எதற்கு? ஆனாலும் கூப்பிட்டான். நான்தான் எடுக்கவில்லை.

எத்தனை நாள் காத்திருப்பான். யாரோ ஒருவர் அதைத் தமிழில் விளக்கிக்கொண்டே ஆடுகிற காணொளியைப் பார்த்திருக்கிறான். அதில் அந்தப் பெண்ணின் அப்பா செத்த கதை வந்திருக்கிறது. உடனே எங்கள் குழுவில் ஒரு நிமிடக் குரல் பதிவு போட்டான். "ஸ்டோரிய மாத்திட்டானுங்க. அவங்க அப்பா சாவல. பொழச்சிக்கினாரு. கடைசில படகுத்துறையில நின்னு கை காட்னாரு, நான் என் கண்ணால பாத்தேன். இவனுங்க பாட்டுக்கு சாவடிச்சிட்டு, நாமதான் காரணம்னு வேற சொல்றானுங்க."

அரை மணி நேரத்தில் அதைக் கேலிப் படமாக்கிவிட்டார்கள். படகு, கிழவர், கை. ஆடிய மற்ற எல்லோருக்கும் அவர் வெறும் படகுக்காரர். யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் அந்தப் படம் வந்து விழுந்தது. "எந்தக் கடையில வாங்குன கேம் தம்பி அது?" என்று ஒருவர் கேட்டார். அடித்துக்கொண்டிருந்த இரண்டு கூட்டமும் அவனைக் கிண்டல் செய்வதில் ஒற்றுமையாகிவிட்டன. அவன் என் பெயரைக் குறித்து எழுதினான்: "அண்ணன கேளுங்க. அண்ணன்தான் படிச்சி சொன்னாரு."

குழுவில் என் ஆங்கிலத்துக்கு ஒரு மரியாதை உண்டு. எல்லோரும் காத்திருந்தார்கள். நான் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் போட்டது இது: முதல் பாகத்தில் நிறைய முடிவுகள் உண்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி வரும். பேடித்தனம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரு பையன் உடனே எல்லா வழிகளையும் வரிசையாகப் போட்டான். நேரத்துக்கு வேரைக் கொடுத்தால் அப்பா பிழைப்பார், பெண் நம்மோடு வருவாள். தாமதமானால் அப்பா சாவார், பெண் பிரிந்துவிடுவாள். அவள் பிரிந்தால் அப்பா செத்தார் என்று அர்த்தம். வேறு வழி கிடையாது.

தம்பியிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு வரி வந்தது. "அண்ணா, நான் லேட்டா போனேனா?"

அதற்கு ஃபோனில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் பஸ் ஏறித் திண்டிவனத்தில் இறங்கினேன். வருகிறேன் என்று சொன்னதும் வண்டியோடு வந்து நின்றான். வீட்டில் இயேசு படத்துக்குப் பக்கத்தில் அவன் அப்பா படம், சின்ன விளக்கு. அவன் அம்மா, "நீங்கதான் அந்த கத சொல்ற தம்பியா? ஒக்காருங்க" என்று தண்ணீர் கொடுத்தார்கள். நான் உட்கார்ந்த உடனே சொல்லிவிட்டேன். ஆமாம், லேட்டாகத்தான் போனாய், அவர் செத்துவிட்டார், நான்தான் மாற்றிச் சொன்னேன் என்று.

அவன் கத்தவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டான். குடிசைக்கு முன்னால் ஆட்டத்தைச் சேமித்து வைத்தது அப்படியே இருந்தது. அந்தப் பெண் பேசி முடித்து மூன்று பதில்களும் வந்து நின்றன.

"நான் தொட்டது மூணாவது. அது இன்னாணா?"

"ஒண்ணுமே பேசாம போயிடறது."

"மொதல்ல இருக்கறது?"

"மன்னிச்சிக்கோ, என்னாலதான் ஆச்சுனு சொல்றது."

"அத எனக்கு இன்னானு படிச்சீங்க?"

"கெணத்துல தண்ணி இருக்கானு."

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க அவனுக்கு ஒரு இடம் இருந்தது. ஊர் உலகத்தில் ஆடிய அத்தனை பேருக்கும் இருந்தது. அந்த இடத்தைக் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லி மூடியவன் நான். ஆறுதல் சொல்வதாக அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவன் ஃபோனை எடுத்துக் கேமராவைத் திரைக்கு நேரே பிடித்தான். ஆங்கில எழுத்தெல்லாம் ஃபோனுக்குள் தமிழாக மாறியது. கோணல் தமிழ்தான், ஆனால் புரிகிற தமிழ். இப்படி ஒரு வசதி இருப்பது எனக்கு முதல் பாகம் ஆடும்போதே தெரியும். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட மாட்டானே என்று நான் சொல்லவில்லை. அவன் முதல் பதிலைத் தொட்டான். பொம்மைப் பெண் என்னவோ சொன்னாள். அதையும் ஃபோனிலேயே பார்த்துக்கொண்டான். என்ன சொன்னாள் என்று என்னிடம் கேட்கவில்லை.

எழுந்து போய் பீரோவைத் திறந்தான். ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து அவன் அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்தான். மேசையில் விரித்து அதற்கு மேலும் ஃபோனைப் பிடித்தான். வரி வரியாக நகர்த்தினான். அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். கசிவு எந்த இடம், எவ்வளவு பெரியது, அவ்வளவுதான். அடிவரை போய்விட்டு மறுபடி மேலே வந்தான்.

"காலையில வந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுனு இதுல எங்கணா போட்டுக்கிது?"

"அது அதுல இல்லடா. டாக்டரு வாயால சொன்னது."

"யாராண்ட?"

"என்னாண்டதான். நீ டீ வாங்கப் போயிருந்த."

"வேற யாரு கேட்டாங்க?"

"யாரும் இல்ல."

"சரிணா" என்றான். தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து உறையில் வைத்தான். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவன் அம்மா பிடிவாதம் பிடித்தார்கள். சாப்பிட்டேன். பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டு, பஸ் கிளம்பும் வரை வண்டி பக்கத்திலேயே நின்றான்.

அதற்கு அப்புறம் அவன் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் வேலையில் இருப்பதாகச் சொல்கிறான், மரியாதைக்குக் குறைவில்லை. டாக்டரைத் தேடிப் பிடித்துக் கேட்கலாமென்று முண்டியம்பாக்கம் போய்ப் பார்த்தேன். எத்தனையோ பேர் மாறிவிட்டார்கள், எனக்கு அவருடைய பெயரும் தெரியாது, முகமும் சரியாக நினைவில்லை. அவனிடம் நான் படித்தும் கேட்டும் சொன்ன அத்தனையிலும், ஒரு எழுத்துகூட மாற்றாமல் சொன்னது அந்த டாக்டர் சொன்ன ஒன்றைத்தான்.